லாட்ஜில் சேரலாமா, சார்?

இந்த வருஷம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவரும் என்னிடம் கணக்கியல் படித்தவர்கள். ஒருவன் இலுமினாட்டி வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளி, ஃப்ரீமேசன் ஆகிவிட்டால் உலகமே கைக்குள் என்று நம்புகிறான். இன்னொருவனின் அப்பா ரோட்டரியில் முன்னாள் தலைவர். மகன் பெயரை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்றாமவன் புதிதாக ஆடிட்டர் ஆபீஸ் போட்டிருக்கிறான். "எதுல சேர்ந்தா சார் பார்ட்டி பிடிக்கலாம்?" என்றான். மூன்றில் நேர்மையான கேள்வி அதுதான்.

ரோட்டரி, லயன்ஸ் பற்றி அதிகம் விளக்க வேண்டாம்; ஊர் எல்லையிலேயே பலகை நிற்கிறது. இரண்டும் சிகாகோவில் பிறந்தவை, 1905இல் ஒன்று, 1917இல் மற்றொன்று. கூட்டம் தவறாமல் வர முடிகிறவர், மேடையில் சால்வை வாங்கக் கூச்சப்படாதவர் ரோட்டரிக்குப் போகலாம். போலியோ ஒழிப்பில் அவர்கள் உழைத்தது ஊரறிந்தது. லயன்ஸ் என்றால் கண் முகாம். 1925இல் ஹெலன் கெல்லர் கேட்டுக்கொண்டதிலிருந்து பார்வையற்றோருக்கான பணி அவர்களுடையதாகிவிட்டது. பெண்கள் இரண்டிலும் சேரலாம். மாணவர்களுக்கு ரோட்டராக்ட், லியோ இருக்கின்றன. சாதிச் சங்க இளைஞரணி பற்றிக் கேட்டால் மட்டும் பதில் சொல்வதில்லை. பெரியவர்கள் வீடு தேடி வந்துவிடுகிறார்கள்.

மிச்சம் இருப்பது லாட்ஜ். பெயரிலேயே தொல்லை ஆரம்பம். கல்யாணமான புதிதில் "லாட்ஜுக்குப் போயிட்டு வரேன்" என்று நான் கிளம்பியதும் பக்கத்து வீட்டம்மா என் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தாராம். ஃப்ரீமேசன்கள் கூடும் சபைக்கு அதுதான் பெயர். 1717இல் லண்டனில் நான்கு சபைகள் கூடித் தாய்ச் சபை அமைத்தன. வெள்ளைக்காரனோடு அது இங்கே வந்து, 1770களிலேயே ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமராவைத் திருச்சியில் சேர்த்துக்கொண்டது. 1961இல் இந்தியாவுக்கென்று தனித் தாய்ச் சபை வந்தது. சென்னை எழும்பூரில் கூவம் கரையில் தூண்களோடு நிற்கிறதே, அது இவர்களுடைய மண்டபம்தான்.

என்னைச் சேர்த்துவிட்டவர் மாமனார். மறுக்க முடியுமா? ஆறு வருஷம் போனேன். ஆகவே நான் நடுநிலையாகப் பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

சேரும் நாளில் கண்ணைக் கட்டுவார்கள், கழுத்தில் கயிறு மாட்டுவார்கள், இடது முழங்கால் தெரிய பேண்ட்டைச் சுருட்டிவிடுவார்கள். இதெல்லாம் எப்போதோ புத்தகமாக அச்சேறிவிட்டதால் ரகசியத்தை உடைத்த பாவம் எனக்கு வராது. அதற்கு முன் மோதிரம், கடிகாரம், சில்லறை எல்லாவற்றையும் கழற்றி வாங்கிவிடுவார்கள். சடங்கின் நடுவே ஒருவர் வந்து தருமத்துக்கு ஏதாவது கொடுக்கச் சொல்வார். வெறும் பையைத் தடவிக்கொண்டு நின்றேன். ஒன்றுமில்லாதவன் நிலை எப்படியிருக்கும் என்று காட்டத்தான் அந்த ஏற்பாடு. அந்த ஒரு நிமிஷம் நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆடிட்டர் தம்பி கவனிக்க வேண்டியது வேறு. ஆதாயம் தேடி வரவில்லை என்று எல்லார் முன்னிலும் வாயால் சொன்ன பிறகுதான் சேர்த்துக்கொள்வார்கள். பார்ட்டி பிடிக்கப் போகிறவன் முதல் நாளே பொய் சொல்லியாக வேண்டும். பிடித்தாலும் எத்தனை பேர்? நரேந்திரநாத் தத்தர் 1884 பிப்ரவரியில் கல்கத்தாவில் ஒரு லாட்ஜில் சேர்ந்தார். அதே மாதம் அப்பா இறந்துபோனார். பி.ஏ. படித்தவர், வேலைக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். பின்னாளில் அவர் விவேகானந்தர் ஆனதற்கும் லாட்ஜ் காரணமில்லை.

உலகை ஆளும் ஆசைக்காரனுக்கு ஒரு செய்தி: அரசியலும் மதமும் அங்கே பேசக்கூடாது. கீதை, பைபிள், குர்ஆன் எல்லாம் மேடையில் திறந்திருக்கும். ஆனால் விவாதம் கிடையாது. அப்புறம் என்னதான் நடக்கிறது? கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, வெள்ளைக் கையுறை, இடுப்பில் ஏப்ரன், வாசலில் கத்தியோடு ஒரு காவலர், பக்கம் பக்கமாக மனப்பாடம். எங்கள் சபையில் எல்லாம் பழைய ஆங்கிலம். ஸ்கூட்டரில் போகும்போது முணுமுணுத்துப் பழகுவேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் தள்ளி நிறுத்துவார். ஒரு வார்த்தை விட்டுப்போனால் பின்வரிசைப் பெரியவர் சத்தமாக எடுத்துக் கொடுப்பார். பிறகு சாப்பாடு. மறு மாதமும் அதேதான்.

இதில் மனம் லயிக்கிறவர்கள் உண்டு. மாமனாருக்கு எழுபத்தெட்டு வயதில் முழுச் சடங்கும் நாக்கு நுனியில் இருந்தது. ஒவ்வொரு பதவியாக, வருஷத்துக்கு ஒரு படியாக ஏறிக் காத்திருந்தவர் அவர். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. கண் முகாமில் கிழவிகளைக் கைபிடித்து ஆட்டோவில் ஏற்றிவிடத்தான் வந்தது, இன்றும் அதையே செய்கிறேன். உங்களுக்கு எது வரும் என்பது உங்களுக்கே தெரிய மூன்று வருஷமாவது ஆகும். இருபத்திரண்டு வயதில் மூன்று சங்கத்து பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு நிற்கும் பையன்களைப் பார்த்தால், கல்லூரியில் சேர்ந்த மாதமே சி.ஏ., வங்கித் தேர்வு, குரூப் 2 மூன்றுக்கும் டியூஷன் கட்டி எதையும் முடிக்காத முகங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஒன்றில் உட்காருங்கள். அப்பா சொன்னார் என்று சேர்ந்தவர்கள் அப்பாவிடமே ஒரு வருஷத் தவணை கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்வார், பிறகு கொடுப்பார்.

அப்படியும் லாட்ஜ்தான் என்றால் சேர்க்கைக் கட்டணம், வருஷச் சந்தா, மாதாமாதம் சாப்பாட்டுக் காசு மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கறுப்பு சூட் தைக்கிற கூலி இந்தக் கணக்கில் வராது. என்னுடையது சும்மாதான் தொங்குகிறது. நாற்பது இன்ச் மார்பு உள்ளவர் வந்து எடுத்துக்கொள்ளலாம்.