பொருள் மட்டும் தெரியட்டும்!

வீட்டில் போடும் ஊறுகாய், கோத்துச் செய்த நகை, வாங்கி விற்கும் புடவை என்று இணையத்தில் கடை விரித்திருப்பவர்கள் இன்று ஏராளம். பொருள் அருமையாக இருக்கும். படத்தைப் பார்த்தால் பின்னால் கேஸ் சிலிண்டரும் கொடியில் காயும் துணியும் நிற்கும். வாங்க வருபவரின் கண் முதலில் அங்கேதான் போகும். கையில் இருக்கும் செல்போனை வைத்தே இதைச் சரிசெய்துவிடலாம்.

1. பின்னணியை நீக்கும் வேலையில் பாதி, படம் எடுக்கும்போதே முடிந்துவிட வேண்டும். பெரிய சார்ட் பேப்பரின் மேல் முனையைச் சுவரில் ஒட்டுங்கள். கீழ்ப்பகுதி மடிப்பு விழாமல் வளைந்து மேஜைமேல் இறங்கட்டும். சுவரும் மேஜையும் சேரும் கோடு மறைந்துவிடும். பொருளைச் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வைத்தால் நிழல் பின்னால் போய் விழாது.

2. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், மறுபக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. இதுவே போதும். நேர் வெயில் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் பொருளின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் விழும்.

3. பீங்கான் கப், சங்கு, வெள்ளை வேட்டி போன்றவற்றை வெள்ளைத் தாளில் வைக்காதீர்கள். ஓரம் எங்கே முடிகிறது என்று செயலிக்குப் புரியாமல் பொருளையும் சேர்த்து வெட்டிவிடும். இவற்றுக்குச் சாம்பல் நிறத் தாள்தான் சரி. சிவப்பு, பச்சைத் தாள்கள் தங்கள் நிறத்தைப் பொருளின் ஓரத்தில் ஏற்றிவிடும்.

4. குத்துவிளக்கு, எவர்சில்வர் பாத்திரம் விற்பவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். சுற்றியுள்ள அறை முழுவதும், படம் எடுப்பவரின் உடை உட்பட, அவற்றின் வயிற்றில் தெரியும். பின்னணியை நீக்கினாலும் இந்தப் பிரதிபலிப்பு பொருளின் மேலேயே தங்கிவிடும். இருபுறமும் மேலேயும் வெள்ளை வேட்டியைக் கட்டி, கேமரா நுழைய மட்டும் இடைவெளி விடுங்கள். சற்றுத் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். மெனக்கெடல்தான், ஆனால் பளபளப்பான பொருளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

5. இனி வெட்டும் வேலை. 2018-இல் வந்த ரிமூவ் பிஜி தளம் சில நொடிகளில் பின்னணியை எடுத்துவிடும். இலவசமாகத் தரும் படம் மட்டும் அளவில் சிறியது. ஐஓஎஸ் 16 அல்லது அதற்குப் பிந்தைய ஐபோன் என்றால், போட்டோவில் பொருளை அழுத்திப் பிடித்தாலே பல மாடல்களில் அது தனியாகப் பிரிந்து வரும். கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்குக் கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள் இலவசம். டப்பா, பெட்டி போன்று நேர்க்கோடுள்ள பொருள்களுக்கு அதிலுள்ள 'பாத்' கருவியால் கையால் ஓரம் வரைவது தானியங்கி வெட்டைவிடத் துல்லியமாக வரும்.

6. வெட்டிய படத்தின் பின்னால் ஒருமுறை கறுப்பு நிறம் வைத்துப் பாருங்கள். வெள்ளையில் ஒளிந்திருந்த பிசிறெல்லாம் தெரிந்துவிடும். கூடைக் கைப்பிடியின் உட்பக்கம், ஜிமிக்கி முத்துகளின் இடைவெளி, புடவைக் குஞ்சம் ஆகிய மூன்றிலும்தான் பெரும்பாலும் பழைய பின்னணி மிச்சம் இருக்கும். படத்தைப் பெரிதாக்கி அழிப்பானால் துடைத்துவிடுங்கள்.

7. தேன், எண்ணெய் பாட்டில்களை வெட்டவே வேண்டாம் என்பேன். கண்ணாடி வழியே தெரியும் சமையலறையை எந்தச் செயலியாலும் ஒழுங்காக நீக்க முடியாது. பாட்டிலுக்குப் பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்து, அதன் பின்னாலிருந்து வெளிச்சம் வருமாறு எடுங்கள்.

8. பொருளின் அடியில் மெல்லிய நிழல் ஒன்று இருக்கட்டும். இல்லையென்றால் அந்தரத்தில் மிதப்பதுபோல் இருக்கும்.

9. பின்னணி இல்லாத படத்தை ஜேபெக்கில் சேமித்தால் வெற்றிடம் வேறொரு நிறத்தால் நிரம்பிவிடும். பிஎன்ஜி-யில் சேமியுங்கள். வெள்ளைப் பின்னணியே போதும் என்றால் ஜேபெக் சிறிய கோப்பாக இருக்கும், பக்கமும் சீக்கிரம் திறக்கும். அமேசானில் முதல் படத்துக்குத் தூய வெள்ளை, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவும் 255, கட்டாயம். பொருள் சட்டத்தில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், தெளிவு போய்விடும்.

10. பின்னணியை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள். பொருளின் நிறத்தில் கை வைக்காதீர்கள். அரக்குப் புடவை படத்தில் சிவப்பாகத் தெரிந்தால் அது திரும்பி வரும், வாங்கியவர் திரும்பி வரமாட்டார். பொருளைக் கையில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே படத்தை ஏற்றுங்கள்.