சங்கப் பட்டறையில் லேத்தின் துல்லியம்

கிணற்றுப் பம்பின் புஷ், தண்டு, தறியின் இரும்பு உறுப்புகள் ஆகியவற்றைக் கடைந்து தருவதற்கு நம் சங்கங்கள் சிலவற்றில் லேத்து உண்டு. அதை வாங்குவதில் காட்டும் ஊக்கத்தைப் பேணுவதில் நாம் காட்டுவதில்லை. அதன் விளைவு யாதென்பதற்கு நாம் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம்.

நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், பட்டறையில் கடைந்த வெண்கலப் புஷ்கள் சில வாரங்களிலேயே தேய்ந்து திரும்பி வந்தன. தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று நிர்வாகிகள் கருதி, அவர் சம்பளத்தில் ஒரு தொகையைப் பிடித்திருந்தனர். யந்திரம் பழையது என்று தொழிலாளி முறையிட்டார். புதிய லேத்துக்குக் கடன் கோரும் தீர்மானமும் எழுதப்பட்டிருந்தது. அதை ஒத்திவைக்கச் செய்து, அனுபவமிக்க கடைசல்காரர் ஒருவரை வெளியிலிருந்து வரவழைத்தோம்.

அவர் செய்த சோதனை எளியது. பருமனான இரும்புத் தண்டு ஒன்றின் ஒரு முனையைச் சக்கில் மட்டும் பிடித்து, மறுமுனைக்குத் தாங்கல் கொடாமல், இரண்டு வளையங்கள் எஞ்சுமாறு இடைப்பகுதியைக் குறைத்தார். பிறகு கத்தியின் நிலையை மாற்றாமல், இரு வளையங்களையும் மெல்லியதாகச் சீவினார். மைக்ரோமீட்டரில் பார்த்தால், ஒரு சாண் இடைவெளிக்குள் விட்டத்தில் 0.08 மில்லிமீட்டர் வேறுபாடு! இவ்வாறு கூம்பிய துளையில் தண்டு ஒரு முனையிலேயே உராயும். அங்கே சூடேறித் தேயும்.

காரணம் தொழிலாளியும் அல்லர். யந்திரத்தின் வயதும் அன்று. தளம் ஒரு காலின் கீழ் அமிழ்ந்ததால் பெட் முறுகியிருந்தது. நுண்ணிய ரசமட்டத்தைப் பெட்டின் குறுக்கே இரு முனைகளிலும் வைத்துப் பார்த்து, காலின் கீழ் மெல்லிய தகடுகள் கொடுத்து, வளையங்கள் இரண்டும் ஒத்துவரும் வரை மீண்டும் மீண்டும் கடைந்து சரிசெய்தார். கடன் தீர்மானம் கைவிடப்பட்டது. பிடித்த தொகை தொழிலாளிக்குத் திருப்பித் தரப்பட்டது.

பெட்டே தேய்ந்திருந்தால் செய்வது என்ன? சமதளத் தகட்டில் சாயம் பூசி ஒத்துப் பார்த்து, சாயம் படியும் மேடுகளைச் சுரண்டி எடுக்கலாம். அந்தத் தகட்டின் சமதளத்தை எவ்வாறு நம்புவது? 1840-ஆம் ஆண்டில் உலோகச் சமதளம் பற்றிக் கட்டுரை படித்த ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் பரப்பிய முறை இதற்கு விடை தருகிறது. இரண்டு தகடுகளில் ஒன்று குவிந்தும் மற்றது குழிந்தும் இருந்தாலும் அவை பொருந்திவிடும். மூன்றை இரண்டிரண்டாக மாற்றி மாற்றி ஒத்துப் பார்த்தால் அந்தப் பிழை ஒளிய இடமில்லை. இருவர் ஒத்துப்போவது மட்டும் உண்மைக்குச் சான்றாகாது, மூன்றாமவரும் பார்க்கவேண்டும். கணக்குத் தணிக்கையின் கருத்தும் இதுவேயன்றோ?

பட்டறைகளில் கைக்கொள்ள வேண்டியவை:

1. இரும்புச் சீவல்களைத் தூரிகையால் அகற்றுக. காற்றுக் குழாயால் ஊதினால் அவை நகரும் பகுதிகளின் அடியில் புகுந்து அராவும். துடைத்தபின் எண்ணெய் இடுக.

2. பெட்டின்மேல் இரும்பை வைத்துத் தட்டலாகாது. சக்கைக் கழற்றும்போது அடியில் மரப்பலகை இடுக.

3. கடைந்த பொருள் ஆறியபின் அளக்க. ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 0.012 மில்லிமீட்டர் நீளும். விட்டமும் அதே விகிதத்தில் பெருகும்.

4. திருகில் தளர்வு இருப்பதால், கத்தியை எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்குக் கொண்டுவருக.

5. மூன்று மாதங்களுக்கொரு முறை ரசமட்டத்தையும் இரு வளையச் சோதனையையும் செய்து, அளவுகளைப் பதிவேட்டில் குறிக்க.

அடுத்த பொதுக்குழுவில் இப்பதிவேட்டைக் காட்டும்படி அங்கத்தினர்கள் கேட்பார்களாக. யந்திரம் அங்கத்தினர் பணம். அதன் பிழைக்குத் தொழிலாளி ஒருவர் பழி சுமக்கலாகாது.