கண்ட விலையும் காணா விலையும்

'விலைவாசி ஏறிவிட்டது' என்னும் முறையீடு எந்நாட்டிலும் எக்காலத்திலும் எழுவதே. ஆயினும், ஏறிய விலைகள் யாவும் ஒரே காரணத்தால் ஏறியன அல்ல. ஒரே அளவில் ஏறியனவும் அல்ல. பொருளாதார நூல் பயிலத் தொடங்கும் மாணவர்க்கு இதனை விளக்குமாறு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அன்றாட வாழ்க்கையினின்று இரண்டு செலவுகளை ஈண்டு ஆராய்வோம். ஒன்று, கடையிற் சில நிமிடங்களில் வாங்கி உண்ணும் துரித உணவு. மற்றொன்று, நோயுறுங்காலத்துக்கெனப் பணம் செலுத்தி வைக்கும் மருத்துவக் காப்பீடு.

இவ்விரண்டும் தொடக்கத்தில் எளியோர்க்கு எட்டும் விலையில் எழுந்தவையே. 1929-ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாநிலத்து டாலஸ் நகரில், ஜஸ்டின் ஃபோர்டு கிம்பால் என்பார் பேய்லர் மருத்துவமனைக்காக ஒரு திட்டம் வகுத்தார். பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் மாதம் 50 சென்ட் செலுத்த வேண்டும். நோயுற்றால் 21 நாள் வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறலாம். 1948-இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில், மக்டோனால்டு சகோதரர் இருவர் தம் உணவுச்சாலையைத் திருத்தியமைத்தனர். பண்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்தனர், பரிமாறுவோரை நீக்கினர், சமையல் வேலையைச் சிறு சிறு கூறுகளாகப் பகுத்தனர். அதனால் ஹாம்பர்கர் ஒன்றை 15 சென்டுக்கு விற்க அவர்களால் இயன்றது.

பழைய விலையையும் புதிய விலையையும் அப்படியே அருகருகே வைத்து ஒப்பிடுதல் பிழையாகும். ஏனெனில், இடைக்காலத்தில் பணத்தின் மதிப்பே குறைந்துவிட்டது. அந்நாட்டு நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின்படி, 1948-இன் 15 சென்ட் 2024-இல் ஏறக்குறைய 2 டாலருக்குச் சமம். 1929-இன் 50 சென்ட் ஏறக்குறைய 9 டாலருக்குச் சமம். இவ்வாறு பணத்தின் தேய்வைக் கழித்த பின்னரே, ஒரு பொருள் மெய்யாகவே அருமையாயிற்றா என்பது விளங்கும்.

இவ்வளவுகோலை அண்மைக் காலத்துக்குப் பொருத்திக் காண்போம். மக்டோனால்டு நிறுவனத்தின் அமெரிக்கத் தலைவர் 2024-இல் வெளியிட்ட கடிதத்தின்படி, பிக் மாக் என்னும் பர்கரின் சராசரி விலை 2019-இல் 4.39 டாலர், 2024-இல் 5.29 டாலர். ஏற்றம் நூற்றுக்கு 21 அளவினது. அவ்வைந்தாண்டில் பொதுவிலைகளும் நூற்றுக்கு 23 அளவு ஏறியிருந்தன. இனிக் காப்பீட்டை நோக்குவோம். தொழில்நிலையங்களின் வாயிலாகப் பெறும் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டுப் பிரீமியம், கே.எப்.எப். என்னும் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 1999-இல் 5,791 டாலர். 2024-இல் 25,572 டாலர். பொதுவிலைகள் இருமடங்குகூட ஆகாத அக்கால் நூற்றாண்டில், இது நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்தது.

எனினும், மக்களின் முணுமுணுப்பு பர்கரைப் பற்றியே மிகுதியாகக் கேட்கப்படுகிறது. காரணம் யாது? பர்கரின் விலை கடையின் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. கையிலுள்ள காசை எண்ணிக் கொடுக்கிறோம். காப்பீட்டின் விலையோ அவ்வாறு கண்ணிற்படுவதில்லை. 2024-இன் 25,572 டாலரில் தொழிலாளியின் சம்பளத்தினின்று பிடிக்கப்பட்டது சராசரியாக 6,296 டாலரே. எஞ்சியதை முதலாளி செலுத்தினார். அது முதலாளி அளித்த கொடை அன்று. பெரும்பகுதி, தொழிலாளிக்குக் கூலியாக வந்திருக்க வேண்டியதே என்பது பொருளியலார் பலரின் கருத்து. இவ்வழக்கம் வேரூன்றியது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். 1942-இல் அரசாங்கம் கூலியுயர்வைக் கட்டுப்படுத்தியபோது, காப்பீட்டுச் சலுகைக்கு இடம் விட்டது. முதலாளிகள் அதனைக் காட்டி ஆட்களை ஈர்த்தனர்.

மருத்துவச் செலவு ஏன் இவ்வளவு விரைவாக ஏறுகிறது? காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்னும் அறிஞர் இருவர் 1966-இல் இசைக் கலைஞரை எடுத்துக்காட்டி விளக்கினர். நால்வர் கூடி வாசிக்கும் இசைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் எத்துணை நேரம் ஆயிற்றோ, அத்துணை நேரமே இன்றும் ஆகும். பிற தொழில்களில் இயந்திரத்தால் வேலை விரைந்து கூலி உயர, இவர்களுக்கும் கூலி உயர்த்தியே ஆகவேண்டும். அடுக்களை வேலையைப் பகுத்து விரைவாக்கலாம். நோயாளியின் படுக்கையருகே செவிலி நிற்கும் நேரத்தை அவ்வாறு சுருக்கலாகாது.

இதனால் விளையும் இடர் சிறிதன்று. பர்கர் விலை ஏறினால் வீட்டிற் சமைத்து உண்ணலாம். பிரீமியம் ஏறினாலோ, தாமே காப்பீடு வாங்கும் குடும்பத்தார் அதனைக் கைவிட நினைப்பர். அவர்களுக்கென 2021-இல் உயர்த்தப்பட்ட அரசாங்க உதவித்தொகை 2025-இன் இறுதியோடு முடிவுற்றது. காப்பீட்டைக் கைவிட்டவர்க்கு அன்றே துன்பம் தோன்றாது; மாதந்தோறும் சிறிது பணம் மிஞ்சவும் கூடும். நோய் வந்து வாயிலில் நிற்கும் நாளிலே அதன் முழு விலையும் ஒருங்கே வந்து சேரும்.

ஆதலின், விலையேற்றம் என்று கேட்குமிடத்து மாணவர்கள் மூன்று வினாக்களை வினவுதல் வேண்டும். தேய்ந்தது பணமா, அருமையாயிற்று பொருளா? விலையை மெய்யாகத் தருவோர் யாவர்? அது இன்றி வாழ இயலுமா? இம்மூன்றுக்கும் விடை கண்டபின், உரத்துப் பேசப்படும் விலையே பெருஞ்சுமை என்று எண்ணி மயங்க மாட்டோம். சம்பளச் சீட்டின் ஓரத்தில் ஒரு வரியாய் ஒதுங்கிக் கிடக்கும் விலையையும் ஊன்றிப் படிக்கக் கற்போம்.