கொதிக்கிற சட்டியைவிட ஊறுகிற துணி முக்கியம்

கையில் கசக்கினால் ஒட்டுகிற நிறமெல்லாம் துணியில் நிற்காது. இயற்கைச் சாயம் போட ஆசைப்பட்டு என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பீட்ரூட்டும் செம்பருத்தியும் சங்குப்பூவும் சட்டியில் கண்ணைப் பறிக்கும். நாலு முறை அலசி வெயிலில் உலர்த்தினால் வெளிறிவிடும். பார்வைக்கு ஒன்றுமே இல்லாத கடுக்காயும் மாதுளைத் தோலும் வேட்டி நைந்து போகும்வரை நிற்கும். எந்தச் செடியில் நிற்கும் நிறம் இருக்கிறது, அதைப் பிடித்துவைக்கத் துணியை எப்படிப் பக்குவப்படுத்துவது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் சமையலறையிலேயே நல்ல சாயம் போடலாம்.

முதல் வேலை: வெளுப்பு

புதுப் பருத்தித் துணியில் தறியில் போட்ட கஞ்சி இருக்கும். நூலிலேயே இயல்பான மெழுகும் இருக்கும். இவை போகாமல் சாயம் உள்ளே இறங்காது, மேலே திட்டுத்திட்டாக நிற்கும். 100 கிராம் துணிக்கு இரண்டு டீஸ்பூன் சலவைச் சோடா போட்டு, துணி தாராளமாக முங்குகிற தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். வெள்ளை வெளேரென்று இருந்த துணியிலிருந்தும் டிகாஷன் நிறத்தில் அழுக்குத் தண்ணீர் இறங்கும். அலசிக் காயவைத்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் துணி தயார். சொட்டு உருண்டு நின்றால் மறுபடியும் கொதிக்கவிட வேண்டும்.

கடுக்காயும் படிகாரமும்

பருத்தி நூல் படிகாரத்தைத் தானாகச் சரியாகப் பிடித்துக்கொள்ளாது. இடையில் ஒரு தரகர் வேண்டும். அந்த வேலையைக் கடுக்காயின் துவர்ப்பு செய்கிறது. துவர்ப்புச் சத்து நூலைப் பிடிக்கும், படிகாரத்தின் அலுமினியம் துவர்ப்பைப் பிடிக்கும், சாயம் அலுமினியத்தைப் பிடிக்கும். காளஹஸ்தியில் கலம்காரி வரைகிறவர்கள் இன்றைக்கும் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்து ஊறவைத்த பிறகுதான் எழுதுகோலைத் தொடுகிறார்கள். பாலில் உள்ள கொழுப்பு, கோடு பரவாமல் காக்கிறது.

வீட்டுக்கு இந்த அளவு போதும். 100 கிராம் உலர்ந்த துணிக்கு 20 கிராம் கடுக்காய்ப் பொடி. வெந்நீரில் கரைத்து வடிகட்டி, ஈரத்துணியை அதில் ஓர் இரவு போட்டுவையுங்கள். காலையில் பிழிந்து, அலசாமல் நிழலில் காயவிடுங்கள். துணி வெளிர் மஞ்சளுக்கு வந்திருக்கும். பிறகு 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, தண்ணீர் சேர்த்து, துணியை அரை நாள் ஊறவையுங்கள். ஒரே இடத்தில் மடிந்து கிடந்தால் திட்டு விழும், அதனால் அவ்வப்போது புரட்டிவிடுங்கள். பட்டும் கம்பளியும் புரத நார்கள். அவற்றுக்குக் கடுக்காய் தேவையில்லை, படிகாரம் மட்டும் போதும்.

கடுக்காயின் குணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி கேளுங்கள். அது இரும்பு உப்பு. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, தூரிகையால் கடுக்காய்த் துணியில் ஒரு கோடு இழுங்கள். வெறும் தண்ணீர் போலத் தொட்ட கோடு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் நிறமாகிக் கறுத்துவிடும். கலம்காரியின் கறுப்பும் இந்த வழியில் வருவதுதான். அங்கே துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து எடுப்பார்கள். ஆனால் இரும்பு நூலை நைய வைக்கும், பட்டை இன்னும் சீக்கிரம். 100 கிராம் துணிக்கு 2 கிராமைத் தாண்டாதீர்கள்.

எதிலிருந்து என்ன நிறம்

தொடங்குகிறவர்களுக்குத் துலுக்கச் சாமந்தியைப் போல நல்ல ஆசான் இல்லை. கழற்றிப் போட்ட மாலைகளே போதும். இதழ்களை உதிர்த்துக் காயவைத்து, துணியின் எடைக்குச் சமமாக எடுத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து வடிகட்டினால் அடர்மஞ்சள் கிடைக்கும். வெங்காயத் தோல் செம்பு கலந்த ஆரஞ்சு தரும். மாதுளைத் தோல் மங்கலான மஞ்சள் தரும். இவை மூன்றிலும் சாயமேற்றிய துணியைக் கடைசியில் அன்னபேதித் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் பாசிப்பச்சை, காக்கி, சாம்பல் என்று இறங்கும். ஒரே சட்டியிலிருந்து இரண்டு நிறம்.

சிவப்புக்கு மஞ்சிட்டி. இதில் அடுப்புதான் கவனம். தளதளவென்று கொதிக்கவிட்டால் சிவப்போடு பழுப்பும் இறங்கிவிடும். கை பொறுக்காத சூடு, ஆனால் கொதிக்கக் கூடாது. பழைய சோழமண்டலக் கரைத் துணிகளின் புகழ்பெற்ற சிவப்பைத் தந்தது சாயவேர். சித்த மருந்தில் இம்பூறல் என்று வழங்குகிற சிறு செடியின் வேர் அது. 1869இல் செயற்கை அலிசரின் என்ற சிவப்புச் சாயம் வந்த பிறகு அந்த வேர் தோண்டும் தொழில் படிப்படியாக அழிந்தது.

நீலத்துக்கு அவுரி. அதன் வழியே வேறு. கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். நீலக்கட்டி தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் வெல்லமும் சேர்த்து, தென்னிந்திய முறையில் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவைத்தால்தான் கரையும். முக்கி எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்று பட்டதும் விளிம்பிலிருந்து நீலம் பரவும். அழுத்தமான நிறம் வேண்டுமென்றால் ஒரே தடவையில் நெடுநேரம் ஊறவைக்காதீர்கள். முக்குவது, காற்றாட விடுவது, மறுபடி முக்குவது என்று படிப்படியாக ஏற்றுங்கள்.

இலையையே அச்சாக்க

தேக்கின் இளந்தளிரைக் கசக்கினால் உள்ளங்கை சிவப்பது கிராமத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தளிரையே துணியில் பதிக்கலாம். பக்குவப்படுத்திய ஈரத்துணியில் இலையின் நரம்புப் பக்கம் துணியைத் தொடும்படி விரித்து, ஒரு குழாயில் இறுக்கிச் சுற்றி, சணலால் நெருக்கமாகக் கட்டி, ஒன்றரை மணி நேரம் ஆவியில் வேகவையுங்கள். இறுக்கம்தான் இதில் எல்லாம். இடைவெளி இருக்கிற இடத்தில் இலை கலங்கிப் போகும். நன்றாக ஆறிய பிறகு பிரியுங்கள். ரோஜா இலைக்கு மட்டும், துணியை முன்கூட்டியே லேசான அன்னபேதித் தண்ணீரில் நனைத்தெடுங்கள். விளிம்பின் பல் வெட்டுகூடத் தெளிவாக விழும். யூகலிப்டஸ் இலை பட்டிலும் கம்பளியிலும் படிகாரம் இல்லாமலே ஆரஞ்சாகப் பதியும்.

விற்பதற்கு முன் சோதியுங்கள்

சாயமேற்றிய துண்டு ஒன்றின் பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் விழுகிற ஜன்னலில் சில வாரம் வையுங்கள். பிறகு அட்டையை எடுத்தால் அந்தச் சாயத்தின் உண்மை தெரியும். மஞ்சள் கிழங்கு இந்தச் சோதனையில் தேறாது. சோப்புப் பட்டால் சிவந்தும் போகும். பதிமுகத்தின் சிவப்பும் காரம் பட்டால் ஊதாவுக்கும் புளிப்புப் பட்டால் ஆரஞ்சுக்கும் ஓடும். இப்படிப்பட்டவற்றை விற்கும்போது வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். எல்லாத் துணியையும் பூந்திக்கொட்டையில் துவைத்து நிழலில் உலர்த்தச் சொல்லுங்கள்.

இயற்கை என்ற பெயரே ஒரு சாயத்தைத் தீங்கற்றதாக்கிவிடாது. நிறம் பளிச்சென்று வருவதற்காகத் துத்தத்தையும் குரோமிய உப்பையும் சிலர் சேர்க்கிறார்கள். அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்குத்தான் போகிறது. நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். சாயக்கழிவு காரணமாக 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய நிலை வந்தது. படிகாரத்தோடும் கொஞ்சம் அன்னபேதியோடும் நிறுத்திக்கொள்வது நம் பொறுப்பு. சாயச்சட்டி, கரண்டி, வடிகட்டி மூன்றையும் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். கடுக்காய்ப் பொடியை அளக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒவ்வொரு சாயத்துக்கும் துணியின் எடை, பொருளின் எடை, ஊறிய நேரம், எந்த ஊர்த் தண்ணீர் என்று எழுதி, பக்கத்தில் ஒரு துண்டைத் தைத்துவையுங்கள். உப்புத் தண்ணீரிலும் மழைத் தண்ணீரிலும் ஒரே பூ வேறு வேறு நிறம் தருகிறது. உங்கள் கிணற்றுக்கும் உங்கள் தெருச் செடிகளுக்கும் பொருந்துகிற கணக்கை எந்தப் புத்தகமும் எழுதித் தராது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.