விமர்சன சிந்தனையும் ஊழியர் திறன் விருத்தியும்

ஊழியர் பயிற்சி என்றதும் இயந்திரத்தை இயக்கக் கற்பிப்பது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். "இது ஏன் இப்படி நடந்தது?" என்று ஆராயும் ஆற்றலை ஊழியரிடம் வளர்ப்பதும் பயிற்சியே.

1. விமர்சன சிந்தனை என்றால் என்ன?

ஒரு கூற்றை அப்படியே ஏற்காமல், சான்றுகளைத் திரட்டி, காரணங்களை ஒப்பிட்டு, பின்னர் முடிவுக்கு வருதல் விமர்சன சிந்தனை எனப்படும். பிறரைக் குறை கூறுதல் விமர்சன சிந்தனை ஆகாது.

2. வரலாற்று உதாரணம்

இன்று தேயிலை விளையும் நமது கண்டி மலைகளில் முன்னர் கோப்பி பயிரிடப்பட்டது. 1869 இல் கோப்பி இலைநோய் பரவத் தொடங்கியது. சிலர் காலநிலையையும் மண்ணையும் குறை கூறினர். 1880 - 1882 காலப்பகுதியில் இலங்கையில் ஆய்வு செய்த ஹரி மார்ஷல் வார்ட், கண்ணாடித் தகடுகளை வைத்துக் காற்றில் வரும் வித்திகளைப் பிடித்து ஆராய்ந்தார். நோய்க்குக் காரணம் ஒரு பங்கசு என்பதையும், அது காற்றின் மூலம் பரவுவதையும் சான்றுடன் காட்டினார். ஆனால் அதற்குள் நோய் எங்கும் பரவிவிட்டது. காரணத்தைத் தாமதித்துத் தேடினால் இழப்பு பெரிதாகும் என்பதே இதன் பாடம்.

3. "ஐந்து ஏன்" முறை

இது யப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் வளர்ந்த முறையாகும். பன்விலவில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குச் சிவந்துபோன கொழுந்து வந்ததாக வைத்துக்கொள்வோம்.

- கொழுந்து ஏன் சிவந்தது? சாக்கினுள் சூடேறியது.
- ஏன் சூடேறியது? அளவுக்கு மேல் அமுக்கி நிரப்பப்பட்டது.
- ஏன் அமுக்கினர்? மடுவத்தில் போதிய சாக்குகள் இல்லை.
- ஏன் இல்லை? கிழிந்தவற்றுக்குப் பதிலாகப் புதியவை வரவில்லை.
- ஏன் வரவில்லை? சாக்குகளைக் கணக்கெடுக்கும் பொறுப்பு எவருக்கும் வழங்கப்படவில்லை.

முதலாவது கேள்வியோடு நின்றிருந்தால் கொழுந்து பறித்த பெண்ணின் சம்பளத்தில்தான் கை வைத்திருப்பார்கள். ஐந்தாவது கேள்வியோ நிருவாகத்தின் குறையைக் காட்டியது. பிழையான முடிவினால் நட்டப்படுபவர், பேச வாய்ப்பில்லாத ஒருவராகவே பெரும்பாலும் இருப்பார். இதனை மறவாதீர்கள்.

4. முகாமையாளரின் கடமைகள்

- கேள்வி கேட்பவரைத் தண்டிக்காதிருத்தல்
- தேவையான தகவல்களை ஊழியருக்கு வழங்குதல்
- உண்மையான பிரச்சினைகளைக் கொண்டு குழுவாகப் பயிற்சி அளித்தல்
- ஊழியரின் நல்ல ஆலோசனையை நடைமுறைப்படுத்தி, அவரைப் பாராட்டுதல்

இவற்றுள் முதலாவது இல்லையெனில் மற்றைய மூன்றும் பயன்தரா.

மாதிரி வினா

"ஊழியரிடம் விமர்சன சிந்தனையை வளர்ப்பது நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் நன்மை தரும்." விளக்குக.

விடைக் குறிப்பு: நிறுவனத்துக்கு: விரயம் குறைதல், தரம் உயர்தல். ஊழியருக்கு: தன்னம்பிக்கை, பதவி உயர்வுக்கான தகுதி, வீண்பழியிலிருந்து பாதுகாப்பு.

குறிப்பு: நன்மைகளைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் "ஏனெனில்" என்று தொடங்கும் ஒரு வசனத்தையும், உங்கள் ஊரில் நீங்கள் கண்ட ஓர் உதாரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். அவ்வாறு எழுதும்போது நீங்களும் விமர்சன சிந்தனையில் பயிற்சி பெறுகிறீர்கள்.