செடியின் பிணியும் சொல்லின் துணையும்

முன்னுரை

வீட்டைச் சுற்றி நான்கடி மண் இருந்தாலும் அதில் ஒரு கறிவேப்பிலைக் கன்றையும் ஒரு முருங்கைக் கொம்பையும் ஊன்றி வைப்பது நம் இல்லங்களின் வழக்கம். கொல்லை சுருங்கிவிட்ட நகரங்களில் அவ்வழக்கம் மாடிக்கு ஏறித் தொட்டிகளில் தொடர்கிறது. இத்தோட்டங்களைப் பேணுவோரில் பலர் உழவைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஆசிரியரும் வணிகரும் மாணவரும் இல்லத்தரசியரும் ஓய்வு பெற்ற பெரியவர்களுமே இதில் மிகுதியாக ஈடுபடுகின்றனர். இலை வெளுத்தாலோ பூ உதிர்ந்தாலோ பிஞ்சு வெம்பினாலோ, இவர்களுள் பலர் முதலில் செய்வது உரக்கடைக்குச் சென்று ‘செடிக்கு ஏதேனும் மருந்து கொடுங்கள்’ என்று கேட்பதே. பிணி இன்னதென்று தெரியாமலே மருந்து வாங்கப்படுகிறது. பரந்த வயலுக்கென்று செய்த நஞ்சு, குழந்தைகள் விளையாடும் முற்றத்தில், மறுநாள் பறித்துக் குழம்பில் இடவிருக்கும் காயின்மீது தெளிக்கப்படுகிறது.

நோயையும் அதன் காரணத்தையும் தெளிந்த பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் உணர்த்தும் நெறி. மனிதர்க்குக் கூறிய அந்நெறி செடிக்கும் பொருந்தும். ஆனால் செடி வாய்திறந்து தன் நோயைச் சொல்லாது. பார்ப்பவர்தாம் அதனைச் சொல்லவேண்டும். சரியாகச் சொல்வதற்குச் சரியான சொல் வேண்டும். செடியின் உறுப்புகளையும் பருவங்களையும் நுண்ணிதாகப் பகுத்துப் பெயரிட்டுள்ள மொழி நம்முடையது. அச்சொற்களைக் கருவியாகக் கொண்டு வீட்டுத் தோட்டத்தில் அன்றாடம் எழும் சிக்கல்களுக்கு எங்ஙனம் தீர்வு காணலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தளிரா, முதிர்ந்த இலையா?

‘இலை மஞ்சளாகிறது’ என்பது முழுமை பெறாத கூற்று. எந்த இலை என்ற வினா அடுத்து எழவேண்டும். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என ஓர் இலையின் வாழ்நாளையே தமிழ் பகுத்து வைத்துள்ளது. இப்பகுப்பு அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. செடியின் பசியை அறியவும் அது பயன்படுகிறது.

தழைச்சத்து செடிக்குள் இடம்பெயர வல்லது. மண்ணில் அது குறையும்போது செடி தன் முதிய இலைகளில் உள்ளதை எடுத்துத் தளிருக்கு அனுப்புகிறது. ஆகவே அடியிலைகள் முதலில், ஒரே சீராக வெளுக்கும். மட்கிய தொழுவுரம், மண்புழு உரம், ஊறவைத்துக் கரைத்த கடலைப் பிண்ணாக்கு ஆகியவற்றுள் ஒன்றை அளவோடு இட்டால் இக்குறை தீரும்.

இரும்புச்சத்து அவ்வாறு எளிதில் இடம்பெயராது. அது குறைந்தால் அடியிலைகள் பச்சையாகவே இருக்கத் தளிர்கள் வெளுக்கும். நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரியும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் கடினநீர் பாயும் இடங்களிலும் கறிவேப்பிலை, எலுமிச்சை போன்றவற்றில் இதனைக் காணலாம். அம்மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதனை எடுக்க இயலாத நிலையே இதற்குக் காரணம். அன்னபேதி எனப்படும் பெர்ரஸ் சல்பேட் 5 கிராமும் சிட்ரிக் அமிலம் 1 கிராமும் ஒரு லிட்டர் நீரில் கரைத்து, அப்பொழுதே மாலை வேளையில் இலைகள்மீது தெளிப்பது தக்க தீர்வாகும். தளிருக்கும் முதிர்ந்த இலைக்கும் வேறுபாடு காணாதவர் இரும்புக் குறைக்கு யூரியாவை இடுவர். குறை அப்படியே நிற்கும். தொட்டியில் உரம் மிகுந்து வேரும் கருகும்.

2. வாட்டம் எங்கே, எப்பொழுது?

வாடிய செடியைக் கண்டதும் நீர் ஊற்றுவது இயல்பு. ஆனால் வாட்டம் யாவும் தாகமன்று. நண்பகலில் துவண்டு மாலையில் தானே நிமிரும் செடிக்கு நீர் தேவையில்லாதிருக்கலாம். அது கடுவெயிலைத் தாங்கும் முறை அதுவே. விடியற்காலையிலும் துவண்டிருந்தால் மண்ணைச் சோதித்தல் வேண்டும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே செலுத்திப் பார்க்க, உலர்ந்திருந்தால் நீர் விடலாம். ஈரம் மிகுந்திருந்தும் செடி வாடினால், வேர் காற்றின்றி அழுகத் தொடங்கியுள்ளது என்று கொள்ள இடமுண்டு. அந்நிலையில் ஊற்றும் ஒவ்வொரு குவளை நீரும் கேட்டையே வளர்க்கும். தொட்டியின் அடித்துளை அடைபட்டுள்ளதா என்று பார்த்து, நீர் வடியச் செய்தல் வேண்டும்.

கத்தரிச் செடி முழுதும் செழிப்பாக இருக்க ஒரு கிளையின் நுனி மட்டும் தலைசாய்ந்திருந்தால் அது நீர்க்குறையும் அன்று, வேரழுகலும் அன்று. தண்டுக்குள் துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய நுனியைத் துளைக்குக் கீழே கிள்ளி எடுத்துப் புழுவோடு அழித்துவிட்டால் அப்புழு பெருகிக் காய்க்குச் செல்வது தடைப்படும். தண்டினுள் மறைந்திருக்கும் புழுவை மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. இரு விரல்கள் எட்டும்.

3. பூவா, பிஞ்சா, காயா?

‘காய் பிடிக்கவில்லை’ என்பதும் தெளிவற்ற முறையீடே. அரும்பு, பூ, பிஞ்சு, காய் ஆகிய நிலைகளுள் எதில் இழப்பு நேர்கிறது என்பதைப் பொறுத்துக் காரணம் வேறுபடும். இளங்காய்க்கு மாவில் வடு, தென்னையில் குரும்பை, வாழையில் கச்சல், பலாவில் மூசு எனத் தனித்தனிப் பெயர்கள் வழங்குவதைத் தேவநேயப் பாவாணர் எடுத்துக்காட்டியுள்ளார். பெயர் தனியாக இருப்பதனால் அப்பருவத்தின் தேவையையும் தனியாக நோக்க நமக்கு வாய்ப்புக் கிட்டுகிறது.

பூசணியில் முதலில் தோன்றும் பூக்கள் பெரும்பாலும் ஆண்பூக்களே. அவை உதிர்வது இயற்கை, அஞ்ச வேண்டியதில்லை. அடியில் சிறு பிஞ்சு அமைந்திருப்பதே பெண்பூ. அப்பிஞ்சு பருக்காமல் மஞ்சளித்து உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று கருதலாம். மாடித் தோட்டங்களில் தேனீக்கள் குறைவாதலின் இக்குறை மிகுதி. புதிதாக மலர்ந்த ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் மெல்லத் தடவினால் போதும். பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவற்றுக்கு இதனைக் காலையில் செய்தல் வேண்டும். சுரை, பீர்க்கு, புடல் ஆகியவை மாலையிலோ இரவிலோ மலர்வன; அவற்றுக்கு அந்திப்பொழுதே ஏற்றது.

தக்காளியில் பகல் வெப்பம் 35 பாகை செல்சியசையும் இரவு வெப்பம் 25 பாகையையும் தாண்டும் கோடையில் பூக்கள் காயாகாமல் உதிரும். இது பருவத்தின் குறை, உரத்தால் தீராது. நிழல்வலை கட்டிப் பொறுத்திருப்பதோ விதைப்பைப் பருவமறிந்து மாற்றுவதோ அறிவுடைமையாகும். காய்த்தபின் காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிந்தால் அது வேறு குறை. சுண்ணாம்புச்சத்து நீரோடு சேர்ந்தே காய்க்குச் செல்கிறது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமென ஊற்றும் தோட்டத்தில் அது காய்க்கு ஒழுங்காகச் சென்று சேர்வதில்லை. நாள்தோறும் அளவாக நீர் விடுவதும், காய்ந்த சருகால் மண்ணை மூடுவதும் பெரும்பாலும் போதுமான மருந்தாகும்.

பப்பாளியில் வினா இன்னும் முன்னே செல்லும். கோ 2 போன்ற இரகங்களில் ஆண்மரமும் பெண்மரமும் தனித்தனி. நீண்டு தொங்கும் கொத்துகளில் மட்டும் பூத்து நிற்கும் ஆண்மரத்துக்கு எவ்வளவு எருவிட்டும் பயன் கருத இயலாது. குழிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கன்றுகளை நட்டு, பூத்தபின் இனம் அறிந்து களைவதே முறை. கோ 7 போன்ற இரகங்களில் பெண்மரங்களும் இருபால் மரங்களுமே தோன்றுதலின் இவ்விடர் இல்லை.

4. புறக்காழும் அகக்காழும்

வெளியே வன்மை உடையவற்றைப் புல் என்றும் உள்ளே வன்மை உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுக்கிறது. இதன்படி நாம் தென்னைமரம் என்று வழங்குவது புல்லினத்தைச் சார்ந்தது. இலக்கண வகுப்பில் மட்டும் நின்றுவிட வேண்டிய செய்தி அன்று இது. கம்பளிப்பூச்சி மொய்த்த முருங்கைக் கிளையை வெட்டினால் அடுத்த மழையில் பல கிளைகள் துளிர்க்கும். தென்னைக்கு அவ்வாய்ப்பு இல்லை. அதன் வளர்ச்சி முழுதும் ஒரே குருத்தில் அடங்கியுள்ளது. குருத்து இறந்தால் மரமும் இறக்கும்.

ஆகவே தென்னையில் விரிந்த ஓலைகள் கத்தரித்தாற்போல் முக்கோணமாக வெட்டுண்டு காணப்பட்டால் காலம் தாழ்த்தலாகாது. அது காண்டாமிருக வண்டின் வேலை. குருத்துப் பகுதியில் உள்ள துளையிலிருந்து கொக்கிக் கம்பியால் வண்டை எடுத்தல் வேண்டும். வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் ஒன்றுக்கு இரண்டு என்ற அளவில் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உள்மட்ட மூன்று ஓலைகளின் இடுக்குகளில் இடலாம். இவ்வண்டு பிறக்குமிடம் வீட்டின் எருக்குழியே என்பதையும் மறத்தலாகாது. எருவைக் கிளறி அதில் சுருண்டு கிடக்கும் பருத்த வெண்புழுக்களை அகற்றாமல் மரத்தின் உச்சியில் மட்டும் போரிடுவது முழுத் தீர்வாகாது.

5. உண்ண வந்ததா, காக்க வந்ததா?

செடியில் காணும் உயிர்கள் யாவும் பகை அல்ல. எறும்பு வரிசையாகத் தண்டில் ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அவை கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கிறது. அசுவினியைத் தின்னும் பொறிவண்டோ நமக்குத் துணை. மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு, உடலெங்கும் வெண்மெழுகு போர்த்து மாவுப்பூச்சி போன்றே தோன்றும். விரைந்து ஊர்வதால் அதனை அடையாளம் காணலாம். பார்த்தறியாமல் மருந்தடிப்பவர் கள்வனோடு காவலனையும் கொன்றுவிடுகிறார். காவலன் மீண்டு வருமுன் கள்வன் பெருகிவிடுகிறான்.

அண்மைக் கால வரலாறு இதற்குச் சான்றாகும். மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் பிறப்பிடமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி முதலியனவும் அதற்கு இரையாயின. உடலைப் போர்த்திய மெழுகு நஞ்சைத் தடுத்ததால் மீண்டும் மீண்டும் தெளித்தும் பூச்சி அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. அவற்றுள் ‘அசிரோபேகஸ் பப்பாயே’ என்னும் மிகச் சிறிய குளவி நம் மண்ணில் நிலைபெற்று, பெரும்பரப்பில் அப்பூச்சியைக் கட்டுப்படுத்தியது. 2016இல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில் பரவிய சுருள் வெள்ளை ஈக்கும் ‘என்கார்சியா’ என்னும் ஒட்டுண்ணியே இயற்கைப் பகையாக அமைந்தது. வேளாண் அறிஞர்கள் அப்பொழுது நஞ்சு தெளிப்பதைத் தவிர்க்கவும், நீரை விசையுடன் பீய்ச்சவும், மஞ்சள் ஒட்டுப்பொறிகளை வைக்கவும் அறிவுறுத்தினர்.

வீட்டுத் தோட்டத்தில் வரிசை இதுவாக அமையட்டும்: முதலில் கையால் பொறுக்குதல், அடுத்து நீர் பீய்ச்சுதல், அதன்பின் வேம்பு. 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். எலுமிச்சை, கறிவேப்பிலை இலைகளில் பறவை எச்சம்போல் ஒட்டியிருக்கும் வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கு முதற்படியே போதும். வெண்டையில் இலைநரம்புகள் மஞ்சளிக்கும் நச்சுயிரி நோய்க்கோ இப்படிகள் எதுவும் மருந்தாகா. அச்செடியைப் பிடுங்கி அகற்றுவதே ஏனைய செடிகளைக் காக்கும் வழி.

கடை நஞ்சுகளைக் குறித்தும் ஒரு சொல். மோனோகுரோட்டோபாசைக் காய்கறிகளில் பயன்படுத்த நடுவணரசு 2005இல் தடை விதித்தது. எண்டோசல்பானின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் உச்ச நீதிமன்றம் 2011இல் தடை விதித்தது. பல்லாண்டுகள் பரவலாகக் கையாளப்பட்ட பொருள்களே பின்னர்த் தீங்கென விலக்கப்பட்டன. பழைய புட்டி ஒன்று வீட்டின் மூலையில் கிடப்பதனாலேயே அது பயன்படுத்தத் தக்கதாகிவிடாது.

நிறைவுரை

தோட்டம் வைத்திருப்போர் ஒரு குறிப்பேட்டையும் வைத்திருத்தல் நலம். நாள், செடி, உறுப்பு, மாற்றம், நீர்விட்ட அளவு ஆகிய ஐந்தையும் குறித்துவந்தால் பல சிக்கல்களுக்கு அவ்வேடே விடை தரும். விடை கிட்டாதபோது பாதிக்கப்பட்ட கிளையையும் அவ்வேட்டையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை நாடலாம். நாட்டின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில்தான் தொடங்கப்பெற்றது என்பது நமக்கு அணுக்கமான செய்தியாகும்.

‘செடி சரியில்லை’ என்று மட்டும் சொல்பவர்க்குக் கிடைக்கும் விடை ஒரு புட்டி நஞ்சு. ‘தளிர் வெளுக்கிறது, நரம்பு பச்சையாக உள்ளது’ என்று சொல்பவர்க்குக் கிடைப்பது தீர்வு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு சில சொற்களே. ஆனால் அத்தொலைவுதான் நம் பிள்ளைகளின் உணவுத்தட்டில் நஞ்சு விழுவதையும் விழாமையையும் முடிவு செய்கிறது. குரும்பை, கச்சல், குருத்து போன்ற சொற்கள் இன்னும் நம் பெரியவர்களின் நாவில் உயிரோடு உள்ளன. மாணவர்கள் அவர்களோடு ஒரு மாலைப்பொழுது கொல்லையில் நின்று அச்சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்வார்களாயின், மொழியும் வாழும், செடியும் வாழும்.