இருதயக் கதவும் திரும்பி வரும் சரக்கும்



அரிசி மூட்டையை நகர்த்தினால் மூச்சு வாங்குகிறது, மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் உறக்கம் வருகிறது என்று நம்மில் ஒருவர் சொன்னால், பக்கத்துக் கடைக்காரர் உடனே சொல்லும் வைத்தியம் "வாயுதான் முதலாளி, ஓமத் தண்ணீர் குடியுங்கள்" என்பதே. பல வேளை அது வாயுவாகவே இருக்கலாம். ஆனால் இருதயத்தின் கதவொன்று பழுதுபட்டதன் அடையாளமாகவும் இருக்கக்கூடும். அந்தக் கதவைப் பற்றியே இப்பாடம். எழுதுகிறவன் டாக்டர் அல்லன், கல்லாவில் அமர்கிறவன். ஆதலால் கடைக் கணக்கைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

இருதயத்தில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு அறைகள் உள. வலப்பக்கத்து ரத்தம் நுரையீரலுக்குச் சென்று, காற்றைப் பெற்று, இடப்பக்கம் வந்து, அங்கிருந்து உடம்பெங்கும் பாய்கிறது. இவ்வழியைத் தெளிவாக எழுதி வைத்தவர் 1288இல் மிஸ்ரு நாட்டில் மரணமுற்ற ஹக்கீம் இப்னு நஃபீஸ் அவர்கள். நடுச்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே ரத்தம் கசிகிறது என்று யூனானி ஆசிரியர் ஜாலினூஸ் சொன்னதை அதுவரை எல்லாரும் நம்பியிருந்தார்கள். அச்சுவரில் துளையே இல்லை, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் போகவேண்டும் என்று மறுத்தார் இவர். பெர்லின் நூலகத்தில் கிடந்த அக்கைப்பிரதியை மிஸ்ரு வைத்தியர் ஒருவர் 1924இல் எடுத்துக் காட்டிய பிறகே உலகம் இதை அறிந்தது. மதரஸாவில் ஓதிய காலத்தில் இப்னு ஸீனாவின் பெயரைக் கேட்டிருக்கிறோம். இவர் பெயரை யாரும் சொல்லித் தரவில்லை.

நிற்க. ரத்தம் ஒரே திசையில் செல்ல வேண்டுமாயின் ஒருவழிக் கதவுகள் வேண்டுமல்லவா? அவையே வால்வுகள். இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது மைட்ரல் வால்வு. அதற்கு இரண்டு மெல்லிய இதழ்கள். இதழின் ஓரங்களில் நூல் போன்ற நாண்கள் கட்டப்பட்டு, அவை கீழறையின் தசைத் தூண்களில் முடிகின்றன. நம் மரக்காயர் முன்னோரின் பாய்மரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். காற்று மோதும்போது பாய் பிய்த்துக் கொண்டு போகாமல் கயிறு இழுத்துப் பிடிக்கிறதே, அந்த வேலைதான் நாண்களுக்கும்.

சிலருக்கு இதழ் தடித்துத் தளர்ந்து போகிறது. நாண் நீண்டு விடுகிறது, அல்லது அறுந்தே விடுகிறது. அப்போது கீழறை சுருங்கும் ஒவ்வொரு முறையும் இதழ் மேலறைக்குள் புடைத்துக் கொள்ளும். இதையே டாக்டர்கள் புரோலாப்ஸ் என்கிறார்கள். கதவு நெகிழ்தல் என்று நாம் சொல்லலாம். நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு. சில குடும்பங்களில் தகப்பனுக்கிருந்தால் பிள்ளைக்கும் வரும். பெரும்பாலோருக்கு இதனால் ஆயுள் முழுவதும் ஒரு தீங்கும் இல்லை. ஆகவே பெயரைக் கேட்டவுடன் வஸிய்யத்து எழுத உட்கார வேண்டியதில்லை. சிறு பிள்ளைகளுக்குத் தொண்டை நோயைத் தொடர்ந்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வைக் கெடுப்பது வேறு நோய். அதில் கதவு பெரும்பாலும் இறுகிக் குறுகிவிடும்.

நெகிழ்ந்த கதவைக் கண்டுபிடிக்கும் முதற் கருவி டாக்டரின் கழுத்திலிருக்கும் குழாய்தான். இதழ் புடைக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தமும், கசிவு இருந்தால் அதன் பின்னே ஒரு முணுமுணுப்பும் கேட்கும். அவ்வொலி மைட்ரல் வால்விலிருந்தே வருகிறது என்று 1963இல் காட்டியவர் ஜோஹானஸ்பர்க் டாக்டர் ஜான் பார்லோ. முடிவாகச் சொல்வது எக்கோ என்னும் ஒலியலைப் பரிசோதனை. இது பிறந்த கதை வேடிக்கையானது. 1953இல் சுவீடன் நாட்டில் எட்லர் என்ற டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானியும், கப்பல் கட்டும் பட்டறையில் இரும்பின் விரிசலைப் பார்க்க வைத்திருந்த கருவியை இரவல் வாங்கி வந்து மனித நெஞ்சின் மேல் வைத்துப் பார்த்தார்கள். ஊசியில்லை, வலியில்லை, நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கட்டையை நகர்த்துவார்கள். இன்னும் துல்லியமாகப் பார்க்க வேண்டியிருந்தால் தொண்டை வழியே குழாய் இறக்கியும் பார்ப்பதுண்டு.

இனி வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம். எக்கோ தாளில் இ.எஃப். என்று ஒரு சதவிகிதம் இருக்கும். கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது என்பதே அது. சாதாரணமாக 55க்கு மேலிருந்தால் நல்லது. இப்போது நம் கணக்குக்கு வாருங்கள். கடையிலிருந்து 60 மூட்டை வெளியே போயிற்று என்று பில் புத்தகம் சொல்கிறது. அதில் 25 மூட்டை அன்றே பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டால், உண்மையில் விற்றது எவ்வளவு? பில் புத்தகத்தை மட்டும் பார்க்கிற முதலாளி, வியாபாரம் பிரமாதம் என்று நினைத்துக் கொண்டிருப்பார். கசியும் இருதயமும் இப்படியே ஏமாற்றுகிறது. மேலறைக்குள் பின்னோக்கிப் போவது எளிதான வழியாகையால், இ.எஃப். பெரிதாகவே தெரியும். ஆகவே மற்றவர்க்கு 60 என்பது நல்ல எண். கடுமையான கசிவுள்ளவர்க்கோ அது 60க்கு இறங்கிவிட்டால், தசை களைக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். கீழறை சுருங்கிய நிலையிலும் அதன் அகலம் 40 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் அதுவும் அப்படியே. கசிவு கடுமையாக இருந்து இவ்விரண்டில் ஒன்று வந்துவிட்டால், ஆள் ஓடியாடிக் கொண்டிருந்தாலும் ஆபரேஷனைத் தள்ளக்கூடாது என்பதே இன்றைய மருத்துவ நெறி. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, நோன்புப் பெருநாள் வியாபாரம் முடியட்டும்" என்று நம்மவர் சொல்லும் காலம் இதுதான். களைத்த தசை பிறகு முழுதும் தேறுவதில்லை.

கசிவு குறைவாயின் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கொரு முறையும், நடுத்தரமாயின் ஓரிரு ஆண்டுக்கொரு முறையும், கடுமையாயின் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கொரு முறையும் எக்கோ பார்ப்பார்கள். தம்போய்வாசிகளுக்கு ஜொகூர் பாருவில் சுல்தானா அமீனா ஆஸ்பத்திரி உண்டு. கோலாலம்பூரில் 1992 முதல் தேசிய இருதயக் கழகம் நடக்கிறது. மாத்திரைகள் நீரை இறக்கும், படபடப்பைத் தணிக்கும். நெகிழ்ந்த கதவை நிமிர்த்தா.

ஆபரேஷன் என்றதும் கேட்க வேண்டிய முதற் கேள்வி: "என் சொந்த வால்வையே சீர் செய்ய முடியுமா?" தளர்ந்த இதழில் ஒரு துண்டை வெட்டித் தைத்து, அறுந்த நாணுக்குப் பதில் செயற்கை இழை கட்டி, கதவு நிலையைச் சுற்றி ஒரு வளையம் வைத்து இறுக்குவார்கள். இம்முறையை வகுத்தவர் பாரிஸ் நகரத்து சர்ஜன் அலென் கார்பன்டியே; 1983இல் விரிவாக எழுதி வெளியிட்டார். பின்னிதழ் மட்டும் நெகிழ்ந்திருந்தால், கைதேர்ந்தவர்களிடம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இது பலிக்கிறது. ஆகவே இவ்வேலையை அடிக்கடி செய்கிற கை எது என்று விசாரிப்பதில் வெட்கமில்லை. சரக்கு வாங்குமுன் விசாரிக்காமலா வாங்குகிறோம்? நெஞ்சைத் திறக்கத் தாங்காத முதியவர்களுக்குத் தொடை ரத்தக்குழாய் வழியே ஒரு கிளிப்பைக் கொண்டுபோய் இரு இதழ்களையும் கவ்வி வைக்கும் முறையும் வந்திருக்கிறது.

சீர் செய்ய முடியாவிட்டால் மாற்று வால்வு. இங்கேதான் நம்மவர் பயந்து ஓடுகிறார்கள்: "பன்றியின் வால்வை வைத்து விடுவார்களாமே!" மாற்று வால்வுகளில் ஒரு வகை பன்றியின் வால்வே, உண்மை. அதைப் பதப்படுத்தும் வழி கண்டவரும் அதே கார்பன்டியேதான். ஆனால் அது ஒன்றே வழியன்று. மாட்டின் இருதய உறையால் செய்த வால்வு உண்டு. உலோக வால்வும் உண்டு. அமெரிக்காவில் ஸ்டார் என்ற சர்ஜனும் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் 1960இலேயே அப்படி ஒன்றைப் பொருத்தினார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் மூன்று மாதிரிகள் தோற்ற பின் நான்காவதில் வெற்றி கண்டு, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குச் சித்ரா வால்வைப் பொருத்தினர். உலோகச் சட்டம், பிளாஸ்டிக் தட்டு. இறக்குமதி வால்வை விட விலையும் மலிவு. ஆகவே எந்த வால்வு என்று முன்கூட்டியே கேளுங்கள், உங்கள் மார்க்கத்தைச் சொல்லுங்கள். டாக்டர்கள் கோபித்துக் கொள்வதில்லை. இன்னொன்றும் அறிந்திருப்பது நல்லது: ஆபரேஷனின்போது ரத்தம் உறையாமலிருக்கச் செலுத்தும் ஹெபாரின் மருந்து பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்தே எடுக்கப்படுகிறது. நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்னும் சட்டம் அல்பகரா சூராவின் 173ஆம் வசனத்திலேயே இருக்கிறது. அதை எங்கே, எவ்வளவு பொருத்துவது என்பதை ஹஜ்ரத்மாரிடம் கேட்டுக் கொள்ளலாம். ஆனால் ஆபரேஷனை மறுத்துவிட்டு வந்து கேட்காமல், தேதி குறிக்குமுன் கேளுங்கள்.

உலோக வால்வு நெடுநாள் உழைக்கும். ஆனால் ஆயுள் முழுதும் வார்ஃபரின் மாத்திரை உண்டு, ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையும் விடாமல் செய்து வரவேண்டும். கீரையை ஒரு வாரம் மிகுதியாகவும் மறு வாரம் இல்லாமலும் தின்றால் அளவு கெடும். நாட்டு மருந்தும் அப்படியே. மாட்டு வால்வுக்குப் பெரும்பாலும் அத்தொல்லை நீடிப்பதில்லை. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டில் தேய்ந்து போகலாம். ஆதலால் வயதைப் பார்த்தே முடிவு செய்வார்கள். ரமலானில் மாத்திரையை நோன்பு திறந்த பின்போ ஸஹரிலோ மாற்றிக் கொள்வதை ஷஃபான் மாதத்திலேயே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். நீர் இறக்கும் மாத்திரை உண்பவர் நோன்பு வைப்பதற்கே அவரைக் கேட்க வேண்டும்.

கடைசியாகப் பற்கள். வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. மாற்று வால்வோ வளையமோ பொருத்தியவர், பல் பிடுங்கப் போகுமுன் அதைப் பல் டாக்டரிடம் சொல்லி, முன்கூட்டி மருந்து வாங்கிக் கொள்ள வேண்டும். வெறும் நெகிழ்வு மட்டும் உள்ளவர்க்கு அம்மருந்து தேவையில்லை என்று 2007 முதல் நெறியை மாற்றிவிட்டார்கள். அவர்க்கு மிஸ்வாக்கும், ஆறு மாதத்துக்கொரு முறை பல் டாக்டரும் போதும்.